ரதியின் இடது கண்

அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும், இன்ஸ்பெக்டர் ஐயா. பின்கால் ஒன்று குட்டை. பயப்படாமல் உட்காருங்கள், எத்தனையோ வருசமாக ஆடுகிறதே தவிர இதுவரை ஒருவரையும் கீழே தள்ளியதில்லை. கைப்பிடி வைத்த நாற்காலி இந்தத் தோட்டத்தில் லேசில் கிடைக்கிற சாமான் இல்லை. துரை பங்களாவில் இருப்பவை வேறு கணக்கு. மாசி பிறந்தால் தொழிலாளர் குடியிருக்கிற லயத்திலிருந்து ஆள் வந்து இதைத் தலையில் தூக்கிக்கொண்டு காமன் கூத்துத் திடலுக்குப் போகும். 'டாக்டரையா நாற்காலி' என்று இதற்குத் தனி மரியாதை உண்டு.

தேநீரைக் குடியுங்கள், ஆறிவிடும். ஃபெக்டரியில் டீமேக்கர் எனக்கென்று எடுத்துவைக்கிற தூள். உங்கள் கான்ஸ்டபிளை வாசலில் நிறுத்திவைத்திருக்கிறீர்கள், பாவம், நனைகிறார். உள்ளே கூப்பிடுங்கள். நான் ஓடப்போவதில்லை. இந்த மழையில் டயகம ரோட்டில் ஓடி ஒருவன் காலை முறித்துக்கொண்டால், அவனுக்குக் கட்டுப் போட வேண்டியவனும் நானாகத்தான் இருப்பேன்.

என் பெயர் ஜெயரத்தினம். சொந்த ஊர் யாழ்ப்பாணத்தில் சங்கானைப் பக்கம். படித்தது மருந்து கலக்கவும் காயம் தைக்கவும். உத்தியோகம் இந்தத் தோட்டத்து டிஸ்பென்சர். சனம் டாக்டரையா என்கிறது, நான் திருத்தியதில்லை. வாய் நிறையக் கூப்பிடுகிறவர்களைத் திருத்தி என்ன கண்டோம்? நல்லமுத்துவின் கண் விவகாரத்தில் எதையும் மறைக்கிற உத்தேசம் எனக்கில்லை. நடந்ததை நடந்த ஒழுங்கில் சொன்னால் இவ்வளவுதானா என்று நீங்களே கேட்பீர்கள்.

உங்கள் தமிழ் நன்றாக இருக்கிறது. என்றாலும் காமன் கூத்து உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். கதை சின்னது. தவத்தில் இருக்கும் சிவனை மதன் அம்பு விட்டுக் கலைக்கிறான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து அவனைச் சாம்பலாக்குகிறார். மதனின் மனைவி ரதி அந்தச் சாம்பலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புலம்புகிறாள். மூன்றாம் நாள் சிவன் மனம் இரங்கி மதனை எழுப்பித் தருகிறார். ஆனால் அவன் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான், உலகத்தில் வேறு எவருக்கும் தெரியமாட்டான். மாசி வந்தால் இந்த மலையில் தோட்டத்துக்குத் தோட்டம் இதே பேச்சுத்தான். மதன், ரதி வேஷம் கட்டுகிற இரண்டு பேருமே ஆண்கள். கையில் காப்புக் கட்டி, விரதம் இருந்து ஆடுவார்கள்.

திடலின் நடுவில் கம்பம் நட்டிருக்கும். புலம்பல் பாட்டுத் தொடங்கியதிலிருந்து முடியும்வரை ரதி அந்தக் கம்பத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்க வேண்டும். தலையை அசைக்கலாம், மார்பில் அடித்துக்கொள்ளலாம், முகத்தை மட்டும் அப்படி இப்படித் திருப்பக்கூடாது. அது கூத்து வாத்தியார் சோலைமலையின் சட்டம். பகலில் அவர் கொழுந்துச் சாக்குத் தைக்கிறவர். திடலுக்கு வந்தால் துரையையே அதட்டுவார். ரதி இப்படி ஒரே முகமாக உட்காருவதால் பார்க்கிறவர்கள் இரண்டு பக்கமும் பிரிந்து உட்காருவது வழக்கம். ரதியின் வலக்கைப் பக்கம் லயத்துச் சனம், சாக்கு விரித்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு. இடக்கைப் பக்கம் மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு, பெரிய கிளாக்கர், டீமேக்கர், நான், எல்லோரும் நாற்காலியில். இதை யார் வகுத்தார்கள் என்று தெரியாது. எனக்கு முன்பு இருந்த டிஸ்பென்சர் காலத்திலும் அப்படித்தானாம்.

இனி நல்லமுத்துவுக்கு வருகிறேன். அவன் கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடி ஆளுயரத்துக்கு வளர்ந்து வீணாகாமல் வெட்டிக் கழிக்கிற வேலை அது. வளைந்த கத்தி, சரிவான மலை, கண் பிசகினால் கை போய்விடும். இருபத்தைந்து வயதுக்குள் இருப்பான். மீனம்மா என்று கொழுந்தெடுக்கிற பெண்ணைக் கட்டியிருந்தான். பிள்ளை பிழைத்தால் காமனுக்கு ரதி வேஷம் கட்ட வைக்கிறேன் என்று, அவன் குழந்தையாக நோயில் கிடந்தபோது தாய் வைத்த நேர்த்தி, அதனால் மீசை முளைத்த காலம் முதல் அவன்தான் ரதி. குரல் என்றால் அப்படி ஒரு குரல். சேலையைக் கட்டிக் கிரீடத்தை வைத்தால் மீனம்மாவே பொறாமைப்படுவாள். குறை என்றால் கண் ஒன்றுதான். மேலிமை இரண்டும் கனத்துத் தொங்கும். மையை எவ்வளவு அப்பினாலும் பெட்ரோமக்ஸ் வெளிச்சத்தில் இரண்டு கோடுதான் தெரியும். வருசந்தவறாமல் ஒருவன் இருட்டுக்குள்ளிருந்து "ரதி தூங்கிருச்சுடோய்" என்று குரல் கொடுப்பான். அடுத்த தோட்டத்து ரதிக்கு இரண்டு கண்ணும் கொட்டைப்பாக்கு மாதிரி. எங்கள் ஆட்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் வேறு.

அறுபதாம் வருசம் கூத்து முடிந்த கையோடு அவன் டிஸ்பென்சரிக்கு வந்து நின்றான். வழக்கமான காய்ச்சல், இருமல் ஆட்கள் போகும்வரை ஒதுங்கி நின்றுவிட்டு மெல்லக் கேட்டான்.

"ஐயா, இந்தக் கண்ணைக் கொஞ்சம் பெருசாக்க வழி இருக்குங்களா?"

"ஏன், மீனம்மா ஏதும் சொன்னவளோ?"

"அவ ஒண்ணும் சொல்லலைங்க. இந்தக் கண்ணுதான் நல்லாருக்குங்குறா. கூத்துக்காகத்தான் கேக்குறேன். வருசா வருசம் சிரிக்கிறாங்க, ஐயா. ரதி அழுவுறப்ப சிரிக்கலாங்களா?"

நியாயமான கேள்வி. எனக்கு அவன்மேல் அன்று நிஜமான பிரியம் வந்தது. துரை பங்களாவில் படித்துக் கழித்த சஞ்சிகைகள் என்னிடம் வரும். ஜப்பானில் பெண்கள் இமையில் மடிப்பு வைத்துக்கொள்ள வைத்தியரிடம் போகிறார்கள் என்று ஒன்றில் படமும் போட்டு எழுதியிருந்தார்கள். தோலில் ஒரு கீற்று எடுத்து, ஓரத்தைச் சேர்த்துத் தைப்பது. கவ்வாத்துக் கத்தி பிளந்த கை கால்களை நான் தைக்காத மாதம் இல்லை. ஒரு இமை என்ன பெரிய மலையா என்று தோன்றியது. நுவரெலியா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாம்தான். கூத்தில் ரதி வேஷம் கட்டக் கண் பெரிதாக வேண்டும் என்று எழுதி அனுப்பினால் அங்கே என்ன சொல்லியிருப்பார்கள்? சிரித்திருப்பார்கள். அவன் சிரிப்புக்குப் பயந்துதானே என்னிடம் வந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தேன். மரத்துப்போகிற ஊசி போட்டு, முதலில் இடது கண். அது அமைந்த மாதிரி இன்னொன்று என் கையால் அமையாது. மடிப்பு அழகாக விழுந்தது. திறந்தால் அகலமாகத் திறந்தது, மூடினால் பூவாக மூடியது. அந்தச் சந்தோசத்தோடு வலது கண்ணுக்குப் போனேன். போன இடத்தில் ஒரு நெல்லளவு கூடுதலாக எடுத்துவிட்டேன். இதை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை. கவ்வாத்திலும் ஒரு செடி கூடக்குறைய வெட்டுப்படுவது உண்டு. காயம் ஆறிய பிறகு பார்த்தால் இரண்டு கண்ணும் பெரிதாக, கண்ணாடியில் அவனே அவனை ஒரு சுற்றுப் பார்க்கிற மாதிரி இருந்தன. ஆனால் வலது கண் முழுக்க மூடவில்லை. தூங்கும்போதும் ஒரு கீற்று வெள்ளை தெரிந்தது. மூடாத கண் காய்ந்துபோகும், காய்ந்தால் எரியும், எரிந்தால் தண்ணீர் கொட்டும். கண்ணின் இயல்பு அது.

அந்தத் தண்ணீர்தான் எல்லாவற்றையும் மாற்றியது.

அடுத்த மாசியில் நல்லமுத்து புலம்ப உட்கார்ந்தான். திடலில் காற்று, பெட்ரோமக்ஸ் வெளிச்சம், மதனை எரித்த புகை. பாட்டு இரண்டாவது அடிக்குப் போவதற்குள் வலப்பக்கத்தில் ஒரு விம்மல் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு அந்தப் பக்கம் முழுவதும். அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதே இல்லை, ஐயா. ஒரு நாட்டிலும் பிரஜை இல்லை என்று கைவிடப்பட்ட சனம். வீட்டில் ஒருவர் மலையில் வழுக்கி விழுந்து செத்தாலும், மறுநாள் விடிய வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போய் நிற்கிற சனம். அவர்கள் தங்களுக்காக வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அழுதார்கள். தப்பு அடிக்கிறவன் அடியை விட்டுவிட்டு அழுதான். சோலைமலை திருநீற்றுத் தட்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

என் மனைவி கமலேஸ்வரி தோட்டத்துப் பள்ளிக்கூட ஆசிரியை. அவளுக்கு வேற்றுமை தெரியாது. நாற்காலியை விட்டுவிட்டு முதலிலேயே பெண்களோடு சாக்கில் போய் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தபோது முகம் அழுது வீங்கியிருந்தது, ஆனால் தெளிந்திருந்தது. எங்கள் குழந்தை பிறந்த அன்றே இறந்துபோனது, நாலைந்து வருசம் இருக்கும். அதற்குப் பிறகு அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்க்கவில்லை.

"நெஞ்சிலை கிடந்த கல்லை ஆரோ எடுத்த மாதிரி இருக்கு" என்றாள். "கன்னம் முழுக்க அப்பிடியே ஓடுது. பெடியன் நடிக்கேல்லை, உண்மையா அழுதவன். நீங்களும் அங்காலை வந்து இருந்து பாத்திருக்கலாம்."

"நல்லாத்தான் இருக்கும்" என்று சிரித்தேன். "டிஸ்பென்சர் சாக்கிலை குந்தியிருந்தார் எண்டு நாளைக்குக் கண்டாக்கு ஒஃபிசிலை போய்ச் சொல்லட்டும்."

அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "உங்களுக்கு அழ வராது, பாவம்" என்றாள். குழந்தை போன அன்று நான் அழவில்லை என்பதைத்தான் சொன்னாள். வைத்தியம் பார்க்கிறவன் அழுதால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? அதைச் சொல்லியும் அவள் ஏற்றுக்கொண்டதில்லை.

பேர் எங்கும் பரவியது. கொட்டகலை கடைவீதியில் மருந்து வாங்கப் போனால், 'அழுகிற ரதி உங்க தோட்டந்தானுங்களே' என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். அந்தக் கண் என் கைவேலை என்று சொல்ல வாய் துறுதுறுக்கும். அடக்கிக்கொள்வேன். தற்பெருமை எனக்குப் பிடிக்காது.

கூத்து முடிந்த பிறகு நல்லமுத்து வந்தான், மீனம்மாவையும் கூட்டிக்கொண்டு. கவ்வாத்து மலையில் காற்று அடித்தால் வலது கண்ணைத் திறக்கவே முடியவில்லை என்றான். தூசி விழுந்தால் உயிர் போகிறதாம்.

"தூங்குறப்பவும் பாத்துக்கிட்டே இருக்காருங்க, ஐயா" என்றாள் மீனம்மா. "ஈரத்துணியைப் போட்டு மூடித்தான் படுக்க வைக்கிறேன். பழைய கண்ணே போதும்னு சொல்லிட்டாரு. எப்படியாச்சும் மூடுற மாதிரி பண்ணி விட்டுருங்க. பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் குடுத்தீங்கன்னாலும் சரிங்க, ஒருநாள் கூலியை விட்டுட்டு நான் இட்டுக்கிட்டுப் போறேன்."

"அங்கை போனால் கண்டபடி வெட்டுவாங்கள்" என்றேன். "நான்தானே செய்தது, நானே திருத்தி விடுறன். பயப்பிடாதை."

அவள் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மறுவாரம் ஒரு பை உருளைக்கிழங்கு கொண்டுவந்து குசினி வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

திருத்துகிற வழி எனக்குத் தெரியும், அதைத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். காதின் பின்புறத்துத் தோல் மெல்லியது. அதில் ஒரு கீற்று எடுத்து இமையில் பதித்துத் தைத்தால், குறைந்த இடம் நிரம்பும், கண் மூடும். ஆனால் உடனே செய்ய முடியாது, தழும்பு முதலில் இளக வேண்டும். விளக்கெண்ணெய் பூசச் சொன்னேன், பூசினான். சொட்டு மருந்து விடச் சொன்னேன், விட்டான். இப்படி ஆறு மாதம் போயிற்று. பிறகும் கொஞ்சம் தள்ளினேன். மார்கழி முடிகிற நேரத்தில், இனியும் தள்ளினால் மாசிக்குள் காயம் ஆறாது என்று கணக்குப் பார்த்து வரச் சொன்னேன்.

அன்றைக்கு மீனம்மா வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். நான் ஊசி போட்டேன். அவன் காதின் பின்புறத்திலிருந்து தோல் எடுத்தேன். சுத்தமான வேலை, இன்றைக்கும் அந்தத் தழும்பை நீங்கள் தேடித்தான் பார்க்க வேண்டும். பிறகு இமையைத் தைத்து, கிருமி போகக்கூடாது என்று சொல்லி இரண்டு கண்ணுக்கும் சேர்த்துக் கட்டுப் போட்டேன். மீனம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு அழைத்துப்போனாள். இறக்கத்தில் கால்வைக்கும்போது அவன் என்னவோ சொல்ல, அவள் சிரித்ததுகூட எனக்குக் கேட்டது.

கட்டை அவிழ்த்த அன்று அவன் விரலால் இரண்டு இமையையும் தடவிப் பார்த்துவிட்டு, "இப்ப ரெண்டு கண்ணுமே மூட மாட்டேங்குதுங்களே, ஐயா" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ தன்மேல் பிசகு மாதிரி சொன்னான்.

"தையல் இழுத்துப் பிடிச்சிருக்கு. காய்ஞ்சால் இறங்கும்" என்றேன்.

"சரிங்க ஐயா" என்றான். அவ்வளவுதான். இந்தச் சனத்திடம் எனக்குப் பிடித்த குணமே இதுதான், சொன்னால் நம்புவார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு நோயாளிக்கு வயிற்றுப்போக்குக்கு மருந்து கொடுத்தால் ஆயிரம் கேள்வி கேட்பான்.

நுவரெலியாவில் அவனைப் பார்த்த கண் டாக்டர் உங்களுக்குச் சொல்லியிருப்பது சரிதான். காதின் பின்னால் எடுத்த தோல் இமையில் இல்லை. பஞ்சோடு சேர்த்து அடுப்பில் போட்டேன். அதை எடுத்ததற்குக் காரணம், எடுத்த காயம் ஒன்று இருக்க வேண்டும் என்பதுதான். காயம் இல்லாவிட்டால் மீனம்மா கேட்பாள். வலது கண்ணை நான் தொடவே இல்லை. அதில் திருத்த வேண்டியது எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை. கத்தி வைத்தது இடது கண்ணில். நன்றாக மூடிக்கொண்டிருந்த கண்ணில் ஒரு நெல்லளவு எடுத்தேன். இந்த முறை கை தவறவில்லை. வலது கண்ணை அளந்து, அதற்குச் சரியாக எடுத்தேன். முதல் தடவை நடந்தது பிழை, இரண்டாவது தடவை பிழை ஏதும் நடக்கவில்லை. உங்கள் அறிக்கையில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல் இருந்தால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். முகம் என்றால் ஒரு பொருத்தம் வேண்டாமா? ஒரு கண் அழ, ஒரு கண் சும்மா இருந்தால் அது ரதியா? அதோடு, அந்தச் சனத்துக்கு வருசத்தில் ஒருநாள் அழக் கிடைக்கிறது. அதை முழுசாகக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். துரைமார் அவர்களுக்குக் கம்பளி கொடுத்தார்கள், அரிசி கொடுத்தார்கள், அழுகையை யார் கொடுத்தது? இதில் எனக்கு ஒரு சதம் வருமானம் இல்லை என்பதையும் தயவுசெய்து கவனியுங்கள்.

இந்த மாசியில் காப்புக் கட்டிய நாள் முதல் சொட்டு மருந்தை நிறுத்தச் சொன்னேன். முகத்துச் சாயம் கரையும் என்றேன். எண்ணெயும் வேண்டாம் என்றேன். விரதக்காரன், அப்படியே கேட்டான். புலம்பல் பாட்டு அன்றைக்கு எப்படி இருந்தது என்று சொல்ல எனக்கு வார்த்தை போதாது. இரண்டு கண்ணும் விரியத் திறந்து கம்பத்தைப் பார்த்தபடி, இமைக்காமல், கண்ணீர் தாடையிலிருந்து சொட்ட அவன் பாடினான். வெளிச்சம் அதில் பட்டுப் பட்டு மின்னியது. எனக்கும் நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. கைக்குட்டையை எடுக்கிற அளவுக்கு வந்தது. செத்துப்போன பிள்ளையின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அதற்கு முன்பு அந்த முகத்தை நினைத்துப்பார்க்க எனக்குத் துணிவு இருக்கவில்லை. கமலேஸ்வரியைத் தேடினேன். நான் அழுவதை அவள் பார்க்க வேண்டும் என்று ஆசை. அவள் சாக்கில், பெண்களுக்கு நடுவில் இருந்தாள். இந்த முறை அவள் அழவில்லை. நல்லமுத்துவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் காலை மதனை எழுப்புகிற கட்டம். மதன் வேஷக்காரன் கம்பத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்பான். ரதி மட்டும் அவனைக் கண்டுகொண்டு போய்க் கையைப் பிடிக்க வேண்டும். சனம் குலவையிடும், கூத்து முடியும். நல்லமுத்து எழுந்தான். கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தான். கம்பத்தைத் தாண்டிப் போனான். மதனைத் தாண்டிப் போனான். கண்ணுக்குத் தெரியாத புருசனைத் தேடுகிறாள் என்று சனம் நினைத்தது. இப்படி ஒரு நடிப்பு உண்டா என்று டீமேக்கர் என் காதில் சொன்னார். அவன் நேரே எங்கள் பக்கம் வந்தான். விரல் என் முழங்காலில் பட்டது. கருவிழி இரண்டும் பால் படிந்த மாதிரி வெளுத்திருந்தன.

"மருந்து வாடை வருது" என்றான் மெதுவாக. "டாக்டரையாதானுங்களே? மதன் எந்தப் பக்கம் நிக்கிறாருங்க?"

நான் எழுந்து, அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, முதுகில் லேசாக ஒரு தட்டுத் தட்டி அனுப்பினேன். நேராகப் போய் மதனின் கையைப் பிடித்தான். குலவை வானத்தைப் பிளந்தது. கூத்தைக் காப்பாற்றிக் கொடுத்ததற்காக ஒருவரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

மறுநாள் மீனம்மா என்னிடம் வரவில்லை. கமலேஸ்வரியிடம் போயிருக்கிறாள். இரண்டு பேருமாக அவனை பஸ்ஸில் ஏற்றி நுவரெலியாவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். துண்டு எழுதிக் கொடுத்தது என் மனைவிதான். என் கையெழுத்தை அவளே போட்டாளாம். இரண்டு கண்ணிலும் இனிப் பார்வை வராது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். கமலேஸ்வரி அங்கிருந்தே நானுஓயாவில் ரயில் ஏறி ஊருக்குப் போய்விட்டாள். கோபம் தணிந்தால் வருவாள் என்று நினைக்கிறேன். அவளுடைய உடுப்பு எல்லாம் இங்கேதான் இருக்கிறது.

நல்லமுத்து உங்களிடம் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றீர்களே, அவன் அப்படித்தான். டாக்டரையா நல்லதுக்குத்தான் செஞ்சாரு, என் நேரம், என்று சொல்லியிருப்பான். மீனம்மா வேறு மாதிரி. நேற்று மாலை படிக்கு வந்து நின்றாள். முக்காட்டைக்கூட எடுக்கவில்லை, மழை அவள்மேல் வடிந்துகொண்டே இருந்தது. சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேங்க" என்றாள். "அழுவுற கண்ணு ஒண்ணு முன்னாடியே இருந்துச்சுங்களே. அதைப் பாத்துதானே போன வருசம் நாங்க அம்புட்டுப் பேரும் அழுதோம். எங்களுக்கு அது போதும்னுதானே இருந்துச்சு. நல்லாருந்த கண்ணை எதுக்குங்க தொட்டீங்க?"

மழையில் நிற்காமல் வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டேன். படிக்காத பெண், சொன்னால் விளங்காது. ஆனால் கேள்வி என்னை விடவில்லை. விடியும்வரை அதையே புரட்டிக்கொண்டிருந்தேன். கான்ஸ்டபிளைப் பேனாவை எடுக்கச் சொல்லுங்கள், இதைச் சரியாக எழுதிக்கொள்ளட்டும். பொருத்தம், சனத்தின் அழுகை என்றெல்லாம் சற்று முன்பு சொன்னேன். அதெல்லாம் உண்மைதான், இருந்தாலும் மீனம்மா சொல்வதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. லயத்துச் சனம் உட்காருவது வலப்பக்கம். அவர்களுக்கு வலது கண்தான் தெரியும், அது முதல் வருசமே அழுதுவிட்டது. இடப்பக்கம் இருந்தவர்கள் நாங்கள். கண்டாக்கு பாதியில் தூங்கிவிடுவார், டீமேக்கர் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருப்பார். அந்தப் பக்கத்திலிருந்து ரதியைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். முதல் வருசம், தோட்டமே உடைந்து அழுத அன்றைக்கு, எனக்குத் தெரிந்தது ஒரு காய்ந்த கன்னம். இந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு மற்றவர்களின் அழுகையைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாலடி நடந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்திருந்தால் அவன் கண் பிழைத்திருக்குமே என்று உங்கள் முகத்தில் எழுதியிருக்கிறது. கமலேஸ்வரியும் போகும்போது அதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். அவளுக்கு எங்கே விளங்கப்போகிறது? நீங்கள் உத்தியோகத்தர், நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர், உங்களுக்கு விளங்கும். அந்தப் பக்கம் நாற்காலி போட மாட்டார்கள், ஐயா. நான் எப்படி லயத்துச் சனத்தோடு சாக்கில் போய் உட்காருவது?